வன்னியில தொழிற்சங்கம்: அடிக்கடி கேக்கிற கேள்வியளும் பதிலும்

வன்னியில பெரிய ஃபக்டரியே கொஞ்சம்தான், இங்க எதுக்குத் தொழிற்சங்கம்?

தொழிற்சங்கம் பற்றி நாங்கள் வைக்கிற கூட்டத்துக்கு வாறவையில அரைவாசிப்பேர் இதைத்தான் கேக்கினம், அதால முதல்லயே வைக்கிறம். ஃபக்டரி கொஞ்சம்தான், வேலை செய்யிற சனம் கொஞ்சம் இல்ல. கிளிநொச்சி டிப்போச் சந்தியில விடியக்காலமை ஒருக்கா நிண்டு பாருங்கோ, கார்மென்ட் பஸ்ஸுக்கு நிக்கிற பிள்ளையள், மோட்டர்சைக்கிளில மண்வெட்டியும் அலவாங்கும் கட்டிக்கொண்டு போற கூலியாக்கள், மேசன்மார், டிப்பர் ஓடுற பொடியள், கடை திறக்கப் போற பெட்டையள், எல்லாரும் ஒரே ரோட்டால போவினம். இவையில முக்கால்வாசிப் பேருக்கு வேலைக் கடிதம் இல்ல, சம்பளச் சிட்டை இல்ல, மழை பெய்தா அண்டைக்குக் காசு இல்ல.

எங்கட ஊரில சங்கத்துக்குக் குறைச்சலே இல்ல. கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கு, மாதர் சங்கம் இருக்கு, மரணாதாரச் சங்கம் இருக்கு, கமக்காரர் அமைப்பு இருக்கு, கடற்றொழிலாளர் சங்கம் இருக்கு, கோயிலுக்கு ஒரு சபை இருக்கு. கூலியைப் பற்றிக் கதைக்கிறதுக்கு மட்டும் ஒண்டும் இல்ல. அந்த இடம் வெறுமையாக் கிடக்கு, அதுதான் பிரச்சினை. அதை நிரப்பப்போற சங்கம் பழைய படியில இருக்க ஏலாது, தன்ர அடையாளத்தையே மாத்த வேணும் எண்டுதான் நாங்கள் சொல்லுறம்.

சங்கம் தன்ர அடையாளத்தை மாத்த வேணும் எண்டு சொல்லுறீங்கள், அடையாளம் எண்டா என்ன? கொடியும் பேருமா?

கொடியும் பேரும் கடைசி. ஒரு சங்கத்தின்ர அடையாளம் மூண்டு விசயத்தில இருக்கு: யாரை எங்கட ஆள் எண்டு சேக்கிறம், யாரோட கதைச்சுப் பேசி வாங்கிறம், எதுக்காகக் கூடுறம். பழைய படியில இது மூண்டும் லேசு. ஒரு வாசல், ஒரு முதலாளி, ஒரே சம்பளநாள், உள்ளுக்கு வேலை செய்யிறவன் எல்லாம் எங்கட ஆள், கேக்கிறது சம்பள உயர்வு. இப்ப ஒரே கட்டடத்துக்குள்ள வேலை செய்யிறவை நாலு கொன்ராக்டரிட்ட இருந்து வருகினம், காவலுக்கு ஒரு கொம்பனி, கிளீனிங்குக்கு இன்னொரு கொம்பனி, ஒருத்தருக்கு மாசச் சம்பளம் மற்றவருக்கு நாள் சம்பளம். பழைய சங்கம் நிரந்தரமான ஆக்களை மட்டும் சேத்துக்கொண்டிருந்தா பத்து வருசத்தில பென்சன்காரர் மட்டும்தான் மிஞ்சுவினம்.

தொழிற்சங்கம் எண்டா ஏதோ ஒரு கட்சியின்ர ஆக்கள்தானே?

கன இடத்தில அப்பிடித்தான் நடந்திருக்கு, மறுக்கேல்ல. யூ.என்.பிக்கு ஜாதிக சேவக சங்கமய, ஜே.வி.பிக்கு ஒண்டு, சுதந்திரக் கட்சிக்கு ஒண்டு எண்டு ஒவ்வொரு கட்சியும் தனக்கு ஒரு தொழிற்சங்கக் கிளை வைச்சிருக்கு. ஆட்சி மாறினா இந்தச் சங்கத்து ஆக்களுக்கு இடமாற்றம், மற்றச் சங்கத்து ஆக்களுக்குப் பதவி. இதைப் பாத்த சனம் சங்கத்தைக் கண்டாலே ஒதுங்கிறது நியாயம்தான். எங்கட நிலைப்பாடு சிம்பிள்: உறுப்பினர் எந்தக் கட்சிக்கும் வோட்டுப் போடலாம், சங்கத்தின்ர மேடையில எந்தக் கட்சிக்காரரும் ஏறக்கூடாது.

முந்தியும் சங்கங்கள் இப்பிடி மாறியிருக்கா, இல்லாட்டி இது புதுக்கதையா?

ஓம், கனக்க மாறியிருக்கு, நல்ல பக்கத்துக்கும் மாறியிருக்கு கெட்ட பக்கத்துக்கும் மாறியிருக்கு. ஏ.ஈ. குணசிங்க 1922இல இலங்கைத் தொழிலாளர் யூனியனைத் தொடங்கினார், அடுத்த வருசமே கொழும்பில பெரிய வேலைநிறுத்தம் நடந்துது, அந்தக் காலத்தில அது எல்லாச் சாதி எல்லா இனத் தொழிலாளியையும் ஒண்டாச் சேத்த சங்கம். பிறகு 1930களில உலகப் பொருளாதாரம் விழுந்து வேலை இல்லாமப் போகேக்க அதே ஆள் மலையாளத் தொழிலாளருக்கு எதிராத் திரும்பி "அவங்கள் எங்கட வேலையைப் பறிக்கிறாங்கள்" எண்ட பக்கம் போயிட்டார். வேலைச் சந்தை நெருக்கும்போது சங்கம் எந்தப் பக்கமும் போகும் எண்டதுக்கு இதைவிட உதாரணம் தேவையில்ல.

இன்னொண்டு இலங்கை வர்த்தக ஊழியர் சங்கம், சீ.எம்.யூ எண்டு சொல்லுறது. 1928இல கொழும்பு வெள்ளைக்காரக் கொம்பனியளின்ர கிளார்க்மாருக்காகத் தொடங்கினது. பாலா தம்பு 1948இல பொதுச்செயலாளரா வந்து 2014இல சாகுமட்டும் இருந்தார். அந்தக் காலத்துக்குள்ள அது கிளார்க்மாற்ற சங்கமா மட்டும் இல்லாம கைத்தொழில், பொதுத் தொழிலாளர் சங்கமாவும் விரிஞ்சுது, பேரிலயும் அதைச் சேத்துக்கொண்டினம். ரை கட்டின ஆளும் எண்ணெய் பூசின கையும் ஒரே சங்கத்தில இருக்கிறது அண்டைக்குச் சின்ன விசயம் இல்ல.

தமிழ் அரச ஊழியர்ட பக்கத்தில 1956 தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பிறகு சங்கத்தின்ர வேலையே மொழி உரிமையா மாறிட்டுது. சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணேல்ல எண்டு கோடீஸ்வரன் எண்ட எழுதுவினைஞருக்குச் சம்பள உயர்ச்சியை நிப்பாட்டினது, அவர் வழக்குப் போட்டு அது அண்டைக்கு எங்கட கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமா இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் வரைக்கும் 1969இல போனது. பாக்கப்போனா ஒரு இன்கிரிமென்ட் பிரச்சினை, ஆனா அதுக்குள்ள ஒரு இனத்தின்ர பிரச்சினை முழுக்க இருந்தது. சம்பளம் வேற அரசியல் வேற எண்டு பிரிச்சு வைக்கிற வசதி எங்களுக்கு எண்டைக்கும் இருந்ததில்ல.

வன்னியில எப்பவாவது தொழிற்சங்கம் இருந்ததா?

இருந்தது. பரந்தனில கெமிக்கல் ஃபக்டரி, ஆனையிறவு உப்பு எடுத்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தது. ஆனையிறவில உப்பளம், ஒட்டுசுட்டானில ஓட்டுத் தொழிற்சாலை, சீ.ரீ.பி எண்ட அரசாங்க பஸ் டிப்போ. இதெல்லாம் அரசாங்க வேலை, நிரந்தர வேலை. அந்தக் காலத்து ஐயாமார் இப்பவும் சம்பளச் சிட்டையை பழைய தகரப்பெட்டிக்குள்ள வைச்சிருக்கினம். போர் வந்து இடம் ஒவ்வொண்டா மூடுப்பட்டுது, பிறகு பொருளாதாரத் தடை, இடம்பெயர்வு, 2009. உப்புத் தொழிற்சாலை 2025இலதான் திரும்பத் திறந்தது. ஆகவே இண்டைக்கு இருபத்தஞ்சு வயசுப் பிள்ளைக்கு சங்கம் பற்றி அப்பாவும் சொல்லிக் குடுக்கேல்ல, ஏனெண்டா அப்பாவுக்கும் அது தெரியாது. ஒரு தலைமுறை அறுந்து போச்சு.

அப்ப வேலைச் சந்தையில உண்மையா என்னதான் மாறினது?

தெற்கில 1977 திறந்த பொருளாதாரம், 1978இல கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம், 1980 யூலை வேலைநிறுத்தத்தில ஏறத்தாழ 40,000 பேரை வீட்டுக்கு அனுப்பினது, இந்த மூண்டும் சங்கங்களின்ர முதுகெலும்பை முறிச்சுது. எங்களுக்கு 1977 வேற விதமா வந்தது. அதுக்கு முன்னம் இறக்குமதித் தடையால மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போனது, விசுவமடு முத்தையன்கட்டுப் பக்கம் தோட்டம் செய்தவை தலைநிமிந்தவை, அதுகளுக்குக் கூலி வேலை செய்ய மலையகத்தில இருந்து சனம் வந்தது. கதவு திறந்த உடன விலை விழுந்துது.

போருக்குப் பிறகு வந்தது வேற மாதிரி. அருவி வெட்டுக்கு முந்தி ஒரு ஊரே இறங்கும், பொம்பிளையளுக்கு காலபோகம் முடிய கையில ஒரு காசு வரும். இப்ப மெசின் வயலுக்குள்ள இறங்கி வெட்டி அடிச்சு மூட்டையாக்கித் தந்திட்டுப் போயிடும். அந்த நாட்கூலி அப்பிடியே இல்லாமப் போச்சு, அதுக்குப் பதிலா அதே வீட்டுப் பிள்ளை கார்மென்டுக்குப் போகுது, தாய் நுண்கடன் கட்டுறதுக்கு ஆற்றேயோ வளவில புல்லுப் பிடுங்குறா, தேப்பன் கொன்ராக்டரோட ரோட்டு வேலை, தம்பி லீசிங்கில ஓட்டோ. ஒரு வீட்டுக்குள்ள நாலு விதமான வேலை, நாலு விதமான முதலாளி. ஒரு தொழில் ஒரு சங்கம் எண்ட பழைய அளவில பாத்தா இந்த வீட்டுக்கு நாலு சங்கம் வேணும். எங்கட அபிப்பிராயத்தில இந்த வீட்டுக்கு ஒரு சங்கம்தான் வேணும், அது ஊர் வாரியா இருக்க வேணும், தொழில் வாரியா அதுக்குள்ள பிரியலாம். இதைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லுறம்.

முதலாளியே இல்லாத ஆக்களுக்கு எப்பிடிச் சங்கம்? யாரிட்டப் போய்க் கேக்கிறது?

1972இல அகமதாபாத்தில இலா பட் எண்ட அம்மா சேவா எண்ட சங்கத்தைப் பதியப் போனபோது அதிகாரியும் இதைத்தான் கேட்டார். தலையில துணி சுமக்கிற பொம்பிளையள், தெருவில மரக்கறி விக்கிறவை, வீட்டில இருந்து பீடி சுத்துறவை, இவைக்கு முதலாளி யார், யாரை எதிர்த்து நீங்கள் சங்கம் வைக்கப் போறியள் எண்டு. அவ சொன்ன பதில், சங்கம் யாரையும் எதிர்க்கிறதுக்கு இருக்க வேணும் எண்டில்ல, தொழிலாளர் தங்களுக்குள்ள ஒண்டாகிறதுக்கு இருக்கலாம் எண்ட மாதிரி. கடைசியில பதிஞ்சினம். இப்ப அதில இருவது லட்சத்துக்கு மேல பொம்பிளையள்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்ல. எங்கட பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களைப் பாருங்கோ. கள்ளுச் சீவுற ஆள் முந்தி தவறணைக் கொன்ராக்காரனுக்குக் கீழ்ப்பட்ட ஆள், சாதியாலயும் மிதிபட்ட ஆள், மரத்தில இருந்து விழுந்தா குடும்பம் நடுத்தெருவில. 70களில கூட்டுறவா வந்தபிறகு அவையே கள்ளைச் சேத்து அவையே வித்து தங்களுக்கு சேமிப்பும் நிவாரணமும் எண்டு கட்டியெழுப்பினவை. அதைத் தொழிற்சங்கம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. எங்களைக் கேட்டா வடக்கில நடந்த நல்ல தொழிற்சங்க வேலையில அதுவும் ஒண்டு.

ஆகவே ஓட்டோக்காரருக்கு முதலாளி இல்லாட்டியும் லீசிங் கொம்பனி இருக்கு, பிரதேச சபை இருக்கு, பார்க்கிங் இருக்கு. மீன்பிடிக்கிற ஆளுக்கு விலை வைக்கிற யாவாரி இருக்கு. கரைவலை இழுக்கிறவைக்கு வலையின்ர சொந்தக்காரரான சம்மாட்டி இருக்கிறார், அங்க பங்குக் கணக்குத்தான் சம்பளம், சம்மாட்டியும் இழுக்கிறவனும் ஒரே கடற்றொழிலாளர் சங்கத்தில இருந்தா இழுக்கிறவன் வாய் திறக்க மாட்டான். இதைக் கரையோர ஊருகளில கதைக்க விருப்பமில்லாத ஆக்கள் இருக்கினம், எண்டாலும் கதைக்கத்தான் வேணும்.

கார்மென்டில வேலை செய்யிறன், அங்க ஊழியர் சபை எண்டு ஒண்டு இருக்கு, அது காணாதா?

காணாது, எண்டாலும் அதை விட்டு வெளியில வராதேங்கோ. சபை கன்டீன் சாப்பாடு, பஸ், டொய்லெட் பற்றிக் கதைக்கலாம், சம்பளத்தைப் பற்றிப் பேரம்பேசி ஒப்பந்தம் போடுற பலம் சங்கத்துக்குத்தான். 1999இல கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தப்படி அந்த இடத்துத் தொழிலாளரில 40 வீதம் சங்கத்தில இருந்தா முதலாளி அந்தச் சங்கத்தோட பேசத்தான் வேணும், மாட்டன் எண்டா அது குற்றம். இந்த 40 வீதம் எண்டது சின்ன எண்ணிக்கை இல்ல, பிள்ளையள் ரெண்டு மூண்டு வருசத்தில கலியாணம் கட்டி வேலையை விட்டிடுவினம், சேத்து முடியுறதுக்குள்ள ஆக்கள் மாறிடுவினம்.

கட்டுநாயக்காவில இதுக்கு வழி கண்டவை. வாசலில நோட்டீஸ் குடுத்தா அடுத்த நாள் பேர் போயிடும் எண்டதால போர்டிங் வீடுகளுக்குப் போய்க் கதைச்சவை, லீவு நாளில கூடினவை. 2000ஆம் ஆண்டு தொடங்கின வலயச் சங்கம் பிறகு பொதுச் சேவை ஊழியரையும் தனக்குள்ள எடுத்துக்கொண்டுது. எங்கட பிள்ளையள் போர்டிங்கில இல்ல, வீட்டில இருந்துதான் போய் வருகினம். அதால எங்கட இடம் ஊர்தான், முக்கியமா பஸ் ரூட். ஒரு பஸ்ஸில வாற பிள்ளையளுக்கு ஒருத்தரை ஒருத்தர் வீடு வாசல் தெரியும், அந்த நம்பிக்கை வேற எங்கயும் கிடையாது.

சங்கம் பதிய எத்தின பேர் வேணும்?

ஏழு பேர். 1935ஆம் ஆண்டு 14ஆம் இலக்கத் தொழிற்சங்கச் சட்டம். தொடங்கி மூண்டு மாசத்துக்குள்ள பதிய விண்ணப்பிக்க வேணும், யாப்பு வேணும், வருசா வருசம் கணக்குக் குடுக்க வேணும்.

நாள் கூலிக்கு ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) இல்லைத்தானே?

இருக்கு. கனபேர் ஏமாறுறது இதிலதான், அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறம். 1958ஆம் ஆண்டு ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர ஆளுக்கு மட்டும் இல்ல, தற்காலிகம், நாட்கூலி, துண்டுக்கணக்கு எல்லாத்துக்கும் பொருந்தும். உங்கட சம்பளத்தில 8 வீதம் பிடிப்பினம், முதலாளி தன்ர கையால 12 வீதம் போட வேணும், ஈ.ரீ.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் அவர்தான், அது உங்கட சம்பளத்தில பிடிக்கக்கூடாது.

ஒரு அக்கா சிட்டையைக் கொண்டு வந்து காட்டினா, கடை ஒண்டில சாமான் அடுக்கிற வேலை. மேல அடிப்படைச் சம்பளம், கீழ ஈ.பி.எஃப் கழிவு எண்டு ஒரு தொகை, எல்லாம் கணக்காத்தான் இருந்தது. அங்கத்துவ இலக்கம் எழுத வேண்டிய இடத்தில மட்டும் ஒரு கோடு. "இந்தக் கோடு என்ன மிஸ்" எண்டு அவ என்னைக் கேட்டா. இலக்கம் இல்லாட்டிப் பிடிச்ச காசு எங்க போகுது எண்டு அவவுக்கு விளங்கினபோது முகம் மாறினது, கோவத்தைவிட வெக்கம்தான் முதல்ல வந்தது, நான் இவ்வளவு நாளும் கேக்கேல்லையே எண்டு. வெக்கப்பட வேண்டியது அவ இல்ல. சிட்டையை எடுத்து இலக்கம் இருக்கோ எண்டு பாருங்கோ, இல்லாட்டி தொழில் திணைக்களத்தில முறைப்பாடு குடுக்கலாம், தனியாப் போகப் பயமெண்டா அதுக்குத்தான் சங்கம்.

சிட்டையே இல்லாத மேசன் கையாளுக்கு நாங்கள் சொல்லுறது, ஒரு சின்னக் கொப்பி வாங்கி திகதி, எந்த வளவு, யார் கூப்பிட்டது, எவ்வளவு தந்தது எண்டு எழுதுங்கோ. தொழில் கந்தோரில இந்தக் கொப்பி கைகுடுக்கும். இன்னொண்டு: தேசிய ஆகக்குறைஞ்ச சம்பளம் 2025 ஏப்ரலில மாசம் 27,000 ரூபா ஆக்கினவை, 2026 ஜனவரியில இருந்து 30,000, நாளுக்கு 1,200. இதுக்குக் கீழ வாங்கிறவை எங்கட கடைத்தெருவில இருக்கினம்.

சில முதலாளிமார் வேலையாக்களை 15 பேருக்குக் கீழ வைச்சிருக்கிறது ஏன்?

பணிக்கொடைச் சட்டம் 15 பேரும் அதுக்கு மேலயும் வேலை செய்யிற இடத்துக்குத்தான், அஞ்சு வருசம் முடிச்சா வருசத்துக்கு அரை மாசச் சம்பளம். 1971 வேலைநீக்கச் சட்டமும் 15 பேர்க் கணக்குத்தான். அதால ஒரே முதலாளி ரெண்டு மூண்டு பேரில கொம்பனி பதிஞ்சு ஆக்களைப் பிரிச்சு வைக்கிறார். சங்கம் ஒரு இடத்துக்கு மட்டும் எண்டு இருந்தா இதைக் கண்டுபிடிக்கவே ஏலாது.

பொம்பிளையள் கூட்டத்துக்கு வரமாட்டினம், அப்ப என்ன செய்யிறது?

வரமாட்டினம் எண்டில்ல, நீங்கள் பின்னேரம் ஆறரைக்கு வாசிகசாலையில வைச்சா எப்பிடி வாறது? சமைக்கிற நேரம், பிள்ளை படிக்கிற நேரம், இருட்டின பிறகு ஆனை வாற ரோட்டு. கணவன் இல்லாமத் தனியாக் குடும்பம் பாக்கிற பொம்பிளையள் எங்கட பக்கம் கனபேர். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஒரு வீட்டு முத்தத்தில வையுங்கோ, பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லுங்கோ. பிறகு இன்னொண்டு, அவை கூட்டத்தில முதல்ல கதைக்கிறது சம்பளத்தைப் பற்றியா இருக்காது, நுண்கடன்காரன் வீட்டு வாசலில வந்து குந்தியிருக்கிறதைப் பற்றியா இருக்கும். அது எங்கட விசயம் இல்ல எண்டு சொல்லுற சங்கம் அண்டையோட முடிஞ்சுது. கூலி காணாததாலதான் கடன், கடன் இருக்கிறதாலதான் எந்தக் கூலிக்கும் போறா.

மலையகத்தில இருந்து வந்து குடியேறின ஆக்களைப் பற்றி ஏன் தனியாச் சொல்லுறீங்கள்?

ஏனெண்டா வன்னியில கூலி வேலையின்ர பாரத்தை அவைதான் கூடச் சுமக்கினம். 1977, 1983 கலவரங்களில ஓடி வந்தவையின்ர பிள்ளையளும் பேரப்பிள்ளையளும். கன குடும்பத்துக்கு காணி உறுதி இல்ல, வயல் இல்ல, தண்ணிப் பங்கு இல்ல. கமக்காரர் அமைப்பில கதைக்கிறது காணி உள்ள ஆள், கூலிக்கு நிக்கிறவர் அங்க இல்ல. ஆனா தொழிற்சங்கம் எண்டா என்ன எண்டு ஊரில ஆருக்கும் தெரியுமெண்டா அது அந்தக் குடும்பத்து அப்பத்தாமாருக்குத்தான், 1931இல நடேசய்யர் தோட்டத்தில தொடங்கின சங்கத்தில இருந்து அவையின்ர வம்சமே சங்கத்துக்குள்ள வளந்தது. அவையின்ர வாயால அந்தக் கதையைக் கேக்க வேணும், தலைவர் பதவியும் அவைக்கு வர வேணும். "தோட்டக்காட்டு ஆக்கள்" எண்டு இப்பவும் கதைக்கிற வாய் எங்கட கூட்டத்துக்கு வேண்டாம்.

தோட்டத்தில சந்தா சம்பளத்தில பிடிக்கிறது, இங்க எப்பிடி?

கையால வாங்கிறது. கஷ்டம்தான், எண்டாலும் அதில ஒரு நல்லது இருக்கு, துரையின்ர கந்தோரே பிடிச்சு அனுப்பினா சங்கக்காரர் உறுப்பினரை வருசத்துக்கு ஒருக்காவும் பாக்கத் தேவையில்ல, இங்க மாசா மாசம் வீட்டுப் படலையில நிண்டு கேக்க வேணும், அவை "போன மாசம் என்ன செய்தனீங்கள்" எண்டு திருப்பிக் கேப்பினம்.

உபர் மாதிரி ஃபோன் அப்பில வாற வேலையள் பற்றி?

எங்கட பக்கம் இன்னும் பெரிசா இல்ல, வரும். இங்கிலாந்தில உபர் சாரதிமார் தொழிலாளர்தான் எண்டு 2021 பெப்ரவரியில உச்ச நீதிமன்றம் சொன்னது, அந்த மே மாசமே ஒரு பெரிய சங்கத்தை கொம்பனி அங்கீகரிச்சுது. வழக்குப் போட்டது ஒரு சில சாரதிமார்தான்.

என்.ஜி.ஓ செய்யிறதும் இதுதானே?

இல்ல. என்.ஜி.ஓவில நீங்கள் பயனாளி, சங்கத்தில நீங்கள் உறுப்பினர், கமிட்டி பிழை விட்டா வோட்டுப் போட்டு இறக்கலாம். புரொஜெக்ட் மூண்டு வருசத்தில முடியும், வாகனம் போயிடும், வங்கர் மாதிரித் தோண்டின கிணறும் பாதியில நிக்கும். அவையிட்ட சட்ட உதவி, பயிற்சி எல்லாம் வாங்கலாம், முடிவெடுக்கிறது மட்டும் உறுப்பினர்.

சிங்களச் சங்கங்களோட சேரலாமா?

சேர வேணும். ஈ.பி.எஃப்பும் சம்பளச் சட்டமும் எங்களுக்கு ஒண்டு அவைக்கு ஒண்டு இல்ல. 2011இல தனியார் துறைப் பென்சன் சட்டமூலத்துக்கு எதிரா கட்டுநாயக்காவில எழும்பினபோது ரொஷேன் சானக எண்ட பொடியன் சுடுபட்டுச் செத்தான், சட்டமூலத்தை அரசாங்கம் வாபஸ் வாங்கினது, அதில இங்க வேலை செய்யிறவற்ற காசும் காப்பாத்துப்பட்டுது. ஆனா அவை எங்களுக்குச் சிங்களத்தில கடிதம் அனுப்பக்கூடாது, காணாமல் போன பிள்ளைக்காக ரோட்டில இருக்கிற தாய்மாரைப் பற்றி எங்கட கூட்டத்தில கதைச்சா முகத்தைத் திருப்பக்கூடாது. இதை முதல் கூட்டத்திலயே நேர சொல்லிப் போடுறது நல்லது, சொன்ன இடங்களில உறவு நிண்டு பிடிச்சிருக்கு.

நான் கனடாவில இருக்கிறன், காசு அனுப்பட்டா?

சம்பளம் குடுக்கவும் கந்தோர் கட்டவும் வேண்டாம், வெளிக்காசில நடக்கிற சங்கம் வெளியில உள்ளவற்ற விருப்பத்துக்குத்தான் நடக்கும். வழக்குச் செலவு, தொழில் நியாயசபைக்குப் போய்வாற பஸ் காசு, வேலை போன ஆளுக்கு ரெண்டு மூண்டு மாசச் சாமான், இதுகளுக்கு ஒரு தனிக் கணக்கு வைச்சு அனுப்பலாம், ரசீது வாட்ஸ்அப்பில உறுப்பினருக்கும் உங்களுக்கும் ஒரே நேரத்தில வரும். அதைவிட உங்கட ஊரில உங்கட அண்ணையோ மச்சானோ ஆள் வைச்சு வயலோ கடையோ செய்யிறாரெண்டா, அங்க நிக்கிறவைக்கு ஈ.பி.எஃப் இலக்கம் இருக்கோ எண்டு அடுத்த கோலில ஒருக்காக் கேளுங்கோ.